நாய் உட்கார்ந்தால் போதுமா?

போன வருடம் புனித வெள்ளியன்று, தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்தில் இருக்கும் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். (புனித வெள்ளிக்கும் மாரியம்மனுக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரிலிருந்து வருபவர்கள் எல்லாரும் கேட்பார்கள். கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு லீவு கிடைத்தது அப்போதுதான் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள்.) இருட்டத் தொடங்கிய நேரம். வழியில் ஒரு சாலைத்தடுப்பு. நீல விளக்கு, ஆரஞ்சுக் கூம்புகள், கூடவே பழுப்பு நிறத்தில் ஒரு மாலினுவா நாய்.

நாய் எங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. சக்கரம், கதவிடுக்கு, டிக்கி என்று மூக்கை ஓட்டிவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்தது. அதன் வாரைப் பிடித்திருந்தவர் நகரவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த என் மச்சினன் மகன்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். இருவருக்கும் காதில் கடுக்கன், ஒருவனுக்குக் கழுத்தில் பச்சை. நாயைத் திருப்பி இழுத்துவந்தார். பின்கதவை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். நாய் அவர் முகத்தைப் பார்த்தது, கதவைப் பார்த்தது, உட்கார்ந்துவிட்டது.

மோப்ப நாய் உட்கார்ந்தால் "இங்கே இருக்கிறது" என்று அர்த்தம். அப்புறம் இருபத்தைந்து நிமிடம் நாங்கள் எல்லாரும் ரோட்டோரம் நின்றோம். டிக்கியிலிருந்து இரண்டு பித்தளைச் செம்பு, கற்பூர டப்பா, வாடிய வேப்பிலை, அரைத் தூக்கு புளிச்சோறு, ஒரு கால்பந்து பம்ப் ஆகியவை வெளியே வந்தன. வேறொன்றும் இல்லை. "சரி, போகலாம்" என்றார்கள். நாங்கள் பொருட்களை அள்ளி உள்ளே வைத்துக்கொண்டிருந்தபோது, வாரைப் பிடித்தவர் இடுப்பிலிருந்து சுருட்டிய துண்டு ஒன்றை உருவி நாயிடம் கொடுத்து அதோடு இழுத்து விளையாடினார். நாய்க்கு அதுதான் சம்பளம்.

வண்டி கிளம்பியதும் மாமியார் சொன்னார்: "நாய் பொய் சொல்லாதுங்கறாங்க. சரி. அதப் புடிச்சிருக்கிற ஆளு?"

அந்தக் கேள்வியை நான் அங்கேயே விட்டிருப்பேன். இரண்டு மாதம் கழித்து, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மகளைக் கொண்டுவந்து விடும் ஒரு அம்மா வேறொரு கேள்வியோடு வந்தார். அவருடைய மூத்த மகன் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் நாயோடு சோதனை நடந்திருக்கிறது. பைகளை வரிசையாக வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாய் அவன் பைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பையில் ஒன்றுமில்லை. ஆனால் மூன்று வாரமாகப் பையன்கள் அவனை ஒரு மாதிரிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "சார், நாய் உட்கார்ந்தால் அதுவே ஆதாரமா? சட்டம் என்ன சொல்கிறது?" அவர் கேட்டது ஆங்கிலத்தில். டர்பனில் தமிழ் வகுப்புக்கு வெளியே தமிழில் கேள்வி கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள், அது வேறு கதை.

நாயின் மூக்கை யாரும் குறைத்துப் பேச முடியாது. மனித மூக்கில் மணம் உணரும் ஏற்பிகள் ஐம்பது அறுபது லட்சம் என்றால் நாய்க்கு முப்பது கோடி வரை உண்டு என்பார்கள். நாம் சாம்பாரை முகர்ந்து "சாம்பார்" என்கிறோம். நாய் அதைப் புளி, பெருங்காயம், வெந்தயம் என்று பிரித்தே முகரும். அதனால்தான் காப்பித்தூளிலும் மிளகிலும் பொதிந்து கடத்தினாலும் பெரும்பாலும் தப்ப முடிவதில்லை. மசாலா மூட்டைக்குள் வைத்தால் நாய் குழம்பிவிடும் என்று நம் ஆட்கள் சொல்வது சும்மா.

ஆனால் நாய் தேடுவது போதைப்பொருளை என்று நினைத்தால் அது முழு உண்மையல்ல. காற்றில் பறந்து வரும் ஆவியைத்தான் அது தேடுகிறது. கொக்கெயினிலிருந்து வெளிவரும் ஆவியில் முக்கியமானது மீத்தைல் பென்சோயேட். அதே பொருள் சில பூக்களின் மணத்திலும் இருக்கிறது. ஹெராயினிலிருந்து வருவது அசிட்டிக் அமிலம், அதாவது நம் ஊறுகாய் ஜாடியில் இருக்கும் வினிகர். எக்ஸ்டசி மாத்திரையில் பிப்பரோனல், சென்ட் தயாரிப்பவர்கள் பயன்படுத்தும் வாசனை. நல்ல பயிற்சி என்றால் இந்த மாதிரிப் பொருள்களை எல்லாம் வைத்து, "இதற்கு உட்காராதே, அதற்கு உட்கார்" என்று நாயைப் பிரித்தறியப் பழக்க வேண்டும். பயிற்சி மோசம் என்றால் அச்சாறு பாட்டிலுக்கும் உட்காரும்.

இரண்டாவது விஷயம் எங்கள் கற்பூர டப்பா. அது காலியாகி எத்தனை மாதமானாலும் திறந்தால் கோயில் வாசனை வரும். நாய்க்கு எல்லாமே அப்படித்தான். போன வாரம் யாரோ கஞ்சா புகைத்துவிட்டு உட்கார்ந்த சீட், பழைய சொந்தக்காரர் எதையோ வைத்திருந்த டிக்கி, நெரிசலான டாக்சியில் உரசிய சட்டை என எதற்கும் அது உட்காரலாம். அதன் மூக்கு தப்பு செய்யவில்லை. "வாசனை இருக்கிறது" என்று சொன்னதை "பொருள் இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டது நாம்.

மூன்றாவதுதான் மாமியார் சொன்னது. ஊரில் பூம்பூம் மாடு பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "இந்த அம்மாவுக்கு நல்ல காலம் வருமா?" என்று கேட்டதும் மாடு தலையை ஆட்டும். கேள்வி அதற்குப் புரியாது. மாட்டுக்காரரின் கை அசைவு புரியும். ஜெர்மனியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கூட்டல் கழித்தலுக்குக் குளம்பைத் தட்டி விடை சொல்லும். 1907இல் ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் அதைச் சோதித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் முகமும் உடம்பும் லேசாகத் தளர்ந்ததைக் குதிரை படித்துக்கொண்டிருந்தது. குதிரைக்காரருக்கே அது தெரியாது, அவர் ஏமாற்றவில்லை.

மோப்ப நாய்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தவர் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீசா லிட். 2011இல் வெளிவந்த ஆய்வு அது. ஒரு தேவாலயத்தின் நான்கு அறைகளில் பதினெட்டு நாய்களையும் அவற்றின் வாரைப் பிடித்து நடத்தும் ஹேண்ட்லர்களையும் தேடவிட்டார். சில இடங்களில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. காகிதம் இருக்கும் இடத்தில் பொருள் இருக்கிறது என்று ஹேண்ட்லர்களிடம் சொல்லியிருந்தார்கள். உண்மையில் எந்த அறையிலும் போதைப்பொருளோ வெடிப்பொருளோ ஒரு துளியும் கிடையாது. மொத்தம் 144 தேடல்கள். 21 தேடல்களில் மட்டும்தான் நாய் ஒன்றும் காட்டவில்லை. மற்றவற்றில் வந்த எச்சரிக்கைகள் 225. எல்லாமே பொய். சிவப்புக் காகிதம் இருந்த இடங்களில் அதிகம். நாய் காகிதத்தைப் படிக்கவில்லை, படித்தவரைப் படித்தது. எங்கள் கதவில் விழுந்த இரண்டு தட்டு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நியாயமாகச் சொன்னால் மறுபக்கமும் உண்டு. போலந்தில் போலீஸ் நாய்களை வைத்து நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், மறைத்து வைத்த பொருளைச் சரியாகக் காட்டியது 87.7 சதவீதம், பொய்யாகக் காட்டியது 5.3 சதவீதம். நல்ல கணக்கு. ஆனால் அதே ஆய்விலேயே காருக்கு வெளியே சுற்றித் தேடும்போது சரியான விடை 63 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே இறங்கிவிட்டது. நாய்கள் அங்கே மிக எளிதாகக் கண்டுபிடித்தது கஞ்சாவை, மிகச் சிரமப்பட்டது ஹெராயினில். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக் குடும்பங்களை 2005, 2006 வாக்கிலிருந்து அரித்துக்கொண்டிருக்கும் "சுகர்ஸ்" ஹெராயின் கலந்த சரக்கு என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

தெருவில் நடப்பது என்ன? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2001இல் மோப்ப நாய்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டு, அதைக் கண்காணிக்கும் பொறுப்பை அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் அந்த மாநில ஆம்புட்ஸ்மனிடம் கொடுத்தார்கள். 2006இல் அவர் அறிக்கை வெளியிட்டார். நாய்கள் ஆட்களைக் காட்டியது 10,211 முறை. பொருள் கிடைத்தது 26 சதவீதத்தில். நால்வரில் மூன்று பேரைச் சும்மா தடவியிருக்கிறார்கள். கிடைத்ததிலும் பெரும்பாலானது சொந்த உபயோகத்துக்கான கொஞ்சம் கஞ்சா.

நாய் திறமையானதாகவே இருந்தாலும் இப்படி ஆகக் காரணம் சாதாரணக் கணக்கு. ஒரு சாலைத்தடுப்பில் ஆயிரம் வண்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் சரக்கு இருக்கிறது. நாய் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகப் பிடிக்கும், சுத்தமான வண்டிகளில் நூற்றுக்கு ஐந்தில் மட்டும் தவறும். பத்தில் ஒன்பதைப் பிடித்துவிடும், சபாஷ். மீதி 990 வண்டிகளில் சுமார் ஐம்பதுக்குத் தவறாக உட்காரும். மொத்தம் 59 வண்டி ஓரங்கட்டப்படும், அதில் ஒன்பதுதான் உண்மை. ஆறில் ஒன்றுகூடத் தேறாது. முன்கூட்டியே தகவல் வந்து துறைமுகத்தில் ஒரு குறிப்பிட்ட கன்டெய்னரை நாயிடம் காட்டுவது வேறு. வருகிற போகிற எல்லாரையும் காட்டுவது வேறு. நாய் ஒன்றுதான், அதன் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு இடத்துக்கு இடம் மாறும்.

இனி சட்டம். தென்னாப்பிரிக்க நீதிமன்றங்கள் நாயைச் சந்தேகிக்கத் தொடங்கி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது என்பது எனக்கே வியப்பாக இருந்தது. 1920இல் ட்ருபீடோ வழக்கு. தடத்தை முகர்ந்துபோன போலீஸ் நாய் ஒருவரைக் காட்டியது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி இன்ஸ் அதைச் சாட்சியமாக ஏற்க மறுத்துவிட்டார். நாய் எந்தத் திறனால் ஒருவர் வாடையை மற்றவர்களுடையதிலிருந்து பிரிக்கிறது என்பது நமக்கு அறிவியல்பூர்வமாகத் தெரியாது, அதன் நடத்தையிலிருந்து முடிவெடுப்பது ஊகத்தில் இறங்குவது என்பது அவர் வாதம். 1986இல் ஷபலாலா வழக்கில் அதே நீதிமன்றம் கதவைக் கொஞ்சம் திறந்தது. நாயின் நம்பகத்தன்மையைப் போதிய அளவு நிரூபித்தால் ஏற்கலாம், "நன்றாகப் பழகிய நாய்" என்று ஹேண்ட்லர் பொதுவாகச் சொன்னால் போதாது.

இந்த இரண்டும் ஆளை அடையாளம் காட்டும் நாயைப் பற்றியவை. போதைப்பொருள் நாயின் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அது உட்கார்ந்ததை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொண்டுவர வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. நாய் உட்காருகிறது, போலீஸ் திறக்கிறது, பொருள் கிடைக்கிறது. சாட்சியம் பொருள்தான். நாய் அங்கே கதவைத் திறக்கும் சாவி. எனவே கேட்க வேண்டியது, அந்தச் சாவி செல்லுமா என்பது.

அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு உடம்பையும் வீட்டையும் உடைமையையும் சோதனை செய்யாமல் இருக்கும் உரிமையை எல்லாருக்கும் தருகிறது. 1977ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி வழக்கம் வாரண்ட். விதிவிலக்கு 22ஆவது பிரிவு: நீங்கள் சம்மதிக்க வேண்டும், அல்லது கேட்டிருந்தால் வாரண்ட் கிடைத்திருக்கும், ஆனால் காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும் என்று நம்ப நியாயமான காரணம் போலீஸிடம் இருக்க வேண்டும். ரோட்டில் அதிகாரி "திறக்கலாமா?" என்று கேட்டு நாம் பயத்தில் தலையாட்டினால் அது சம்மதம் ஆகிவிடும். போதைப்பொருள் சட்டத்தின் 11ஆவது பிரிவு ஒரு காலத்தில் இன்னும் தாராளமாக இருந்தது. நியாயமான சந்தேகம் இருந்தால் வாரண்ட் இல்லாமல் எந்த வீட்டிலும் எந்த நேரமும் நுழையலாம். 2016 ஜூலையில் குன்ஜானா வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம் அந்த அதிகாரங்களை ரத்து செய்தது. வீட்டு வாசலுக்கு நாயைக் கூட்டி வருபவர்கள் இப்போது 22ஆவது பிரிவின் கட்டுக்குள்தான் நிற்க வேண்டும்.

சாலைத்தடுப்பு மட்டும் தனி. போலீஸ் சேவைச் சட்டத்தின் 13(8) பிரிவில் ஆணையர் எழுத்தில் அனுமதி கொடுத்தால், அங்கே வாரண்டோ சந்தேகமோ இல்லாமலே வண்டியைச் சோதிக்கலாம். அந்த அனுமதியில் நாள், இடம், நேர அளவு, நோக்கம் எல்லாம் இருக்க வேண்டும். சோதனைக்கு ஆளானவர் கேட்டால் நகலைக் காட்ட வேண்டும். நான் அன்றைக்குக் கேட்கவில்லை. பின்சீட்டில் இரண்டு பையன்கள், ஓரத்தில் ஒரு நாய், முன்னால் மாமியார் என்ற நிலையில் பிரிவு எண் யாருக்கு ஞாபகம் வரும்?

வண்டியைச் சுற்றி நாய் முகர்வதே சோதனையா, இல்லையா? "சோதனை" என்றால் என்ன என்று நடைமுறைச் சட்டம் விளக்கம் தரவில்லை. அமெரிக்காவில் 1983இலிருந்து, நாய் முகர்வது சோதனையே அல்ல என்ற நிலை. சட்டவிரோதப் பொருள் இருக்கிறதா என்பதைத் தவிர வேறெதையும் அது வெளிப்படுத்தாது என்பது காரணம். அப்புறம் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகளே வரம்பு போட்டார்கள்: 2013இல் வீட்டுத் திண்ணைக்கு நாயைக் கொண்டுபோவது சோதனை என்றார்கள், 2015இல் நாய் வரும்வரை வண்டியைக் கூடுதலாக நிறுத்திவைக்கக் கூடாது என்றார்கள். ஆனால் 2013இலேயே ஆல்டோ என்ற நாயின் வழக்கில், பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் பொதுவாகப் போதும், தெருவில் அது எத்தனை முறை தவறியது என்ற பதிவேட்டைக் கட்டாயம் காட்ட வேண்டியதில்லை என்றும் சொன்னார்கள். ஆல்டோ ஒரே வண்டிக்கு இரண்டு முறை உட்கார்ந்தது. முதல் முறை கிடைத்தது அதற்குப் பயிற்சி தராத பொருள்கள். இரண்டாவது முறை ஒன்றுமே இல்லை. இந்தத் தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. ஷபலாலாவில் நம் நீதிமன்றம் கேட்டது இன்னும் நல்ல கேள்வி. கனடா 2008இல் வேறு பக்கம் போனது. பள்ளியில் பைகளை நாய் முகர்வதும் சோதனைதான், அதற்கு முன்பே நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும் என்றது.

அமெரிக்கர்களின் அந்த 1983 காரணம் இங்கே ஓட்டையாகிவிட்டது. 2018 செப்டம்பர் 18 அன்று பிரின்ஸ் வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம், வயது வந்தவர் தனியிடத்தில் சொந்த உபயோகத்துக்குக் கஞ்சா வைத்திருப்பதும் வளர்ப்பதும் புகைப்பதும் குற்றமல்ல என்றது. 2024 மே மாதம் அதற்கான சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்தும் போட்டார். இங்கே "டக்கா" என்று சொல்லப்படும் அந்தச் செடிக்குத்தான் பழைய நாய்கள் எல்லாம் முதலில் பழக்கப்பட்டவை, நாய்களுக்கு மிக எளிதாகப் பிடிபடுவதும் அதுதான். நாய் எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி உட்காரும். சட்டத்துக்கு உட்பட்ட செடியா, சுகர்ஸா, மாண்ட்ரக்ஸ் என்ற போதை மாத்திரையா என்று அது சொல்லாது. அமெரிக்காவின் கொலராடோவில் 2019இல் இதே சிக்கல் வந்தது. கிலோ என்று ஒரு நாய். கஞ்சா அங்கே சட்டப்படி கிடைப்பதால், கஞ்சாவுக்கும் பழகிய நாய் முகர்வது சோதனையாகிவிட்டது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழகிய வாசனையை நாயிடமிருந்து மறக்கடிப்பது சுலபமல்ல. புதுக் குட்டியைக் கஞ்சா இல்லாமல் பழக்குவதுதான் வழி.

சோதனையே முறைகேடு என்றால் கிடைத்த பொருள் தானாகக் கழிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அரசமைப்புச் சட்டத்தின் 35(5) பிரிவின்படி, அதை ஏற்பது விசாரணையை நியாயமற்றதாக்குமா, நீதி நிர்வாகத்துக்குக் கேடா என்று நீதிபதி எடைபோடுவார்.

இவ்வளவும் சொன்னேனே தவிர, மோப்ப நாய் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. டர்பன் துறைமுகம் வழியாக என்ன வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். 2021இல் பிடிபட்ட 541 கிலோ கொக்கெயின், போர்ட் ஷெப்ஸ்டன் ஊரில் ஹாக்ஸ் என்ற போலீஸ் சிறப்புப் புலனாய்வுப் பிரிவின் அலுவலகத்தில் பூட்டி வைத்திருந்த இடத்திலிருந்தே காணாமல் போனது. அதை நாய் எடுத்துக்கொண்டு போகவில்லை. இந்த நாட்டில் போலீஸ் நாயைப் பார்த்தாலே வயதானவர்கள் ஒதுங்குவதற்கும் காரணம் உண்டு. 1998இல் மூன்று மொசாம்பிக் ஆட்கள் மீது போலீஸ்காரர்கள் நாய்களை ஏவிய காட்சியை 2000இல் டிவியில் நாடே பார்த்தது. அதிலும் வாரைப் பிடித்தவர்கள் மனிதர்கள்தான்.

பள்ளிக் கேள்விக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின் 8ஏ பிரிவு, நியாயமான சந்தேகம் இருந்தால் மாணவர் குழுவையோ அவர்கள் பைகளையோ தற்செயல் முறையில் சோதிக்க முதல்வருக்கு அதிகாரம் தருகிறது. உடம்பைத் தடவுவதென்றால் அதே பாலினத்தவர், தனியிடத்தில், அதே பாலினத்தவரான இன்னொரு பெரியவர் சாட்சியாக இருக்க வேண்டும். முடிந்தால் ஒரு வேலை நாளுக்குள் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். பொருள் கிடைத்தாலும் பள்ளியே அந்தப் பிள்ளை மீது கிரிமினல் வழக்குத் தொடுக்க முடியாது. சந்தேகம் நாய்க்கு முன்னால் வர வேண்டும், நாயிலிருந்து வரக்கூடாது என்பதுதான் நான் அதைப் படித்துப் புரிந்துகொண்டது.

அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத உதவினேன். அன்றைக்கு என்ன சந்தேகத்தின் பேரில் சோதனை நடந்தது, யார் சாட்சி, அந்த நாய் கடந்த ஒரு வருடத்தில் எத்தனை முறை உட்கார்ந்தது, எத்தனை முறை பொருள் கிடைத்தது என்று கேட்டிருந்தோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது. பள்ளி மாணவர்களின் பாதுகாப்பே முக்கியம், அடுத்த முறை பெற்றோருக்கு அன்றைக்கே எஸ்எம்எஸ் வரும் என்று இருந்தது. நாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை.